கோபு என்ன சாப்பிட்டான்

மும்பை செம்பூர் கிளினிக்கை விட்டு நான் நடக்க ஆரம்பித்தபோது மதியம் மூன்று மணி இருக்கும். மே மாத வெயில். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. பஸ் ஏறியிருக்கலாம், ஏறவில்லை. எனக்குக் கோபம் வந்தாலும் நடப்பேன், வெட்கம் வந்தாலும் நடப்பேன். அன்றைக்கு வந்தது வெட்கம். சுனாபட்டி வழியாக சயான், அங்கிருந்து தாராவி. ஒன்றரை மணி நேர நடை.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தவன். திசையன்விளைப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து தாராவியில் தோல் பை தைத்தேன், விட்டேன். நெருளில் கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடித்தேன். பாதி கோபுரத்தில் இறங்கி வந்துவிட்டேன். அணுசக்தி நகரில் ஸ்டாஃப் பஸ் கழுவினேன், தேவ்நாரில் இட்லி விற்றேன். அதுவரை எதிலும் இரண்டு வருஷம் தாங்கியதில்லை. ஒவ்வொரு தடவையும் நடக்கத் தொடங்கி நூறடி போனால் மனசு லேசாகிவிடும். அன்றைக்கு மட்டும் சுனாபட்டி தாண்டியும் லேசாகவில்லை. எனக்குப் பின்னால், கிளினிக்கில், ஒரு கம்பிக் கூண்டுக்குள், வயிற்றில் தையலோடு கோபு படுத்திருந்தான். ‘இன்றைக்கு ராத்திரி தாண்டிவிட்டால் பிழைப்பான்’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததில் பாதிப் பங்கு என்னுடையது.

உங்களில் பல பேர் இப்போதுதான் நாய் நடத்தும் இந்த வேலைக்கு வந்து கயிற்றைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். என் முட்டி தேய்ந்து நான் கயிற்றைக் கீழே வைத்த பிறகு, வாட்ஸாப் குழுவில் “அண்ணாச்சி, ஏதாவது எழுதுங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். தமிழ் வாசிக்க வராதவர்களுக்கு வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டுங்கள். கயிற்றை எப்படிப் பிடிப்பது, இரண்டு நாய் எதிரெதிரே வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை ஒரு வாரத்தில் நாயே கற்றுக்கொடுத்துவிடும். நாய் கற்றுக்கொடுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அதை நான் படித்த இடம்தான் இந்தக் கோபு விவகாரம்.

கோபு பழுப்பு நிற லாப்ரடார். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தான். வீட்டில் இரண்டு பேர்தான் எப்போதும் இருப்பார்கள். ஒருவர், பேங்கில் ஆபீசராக வேலைக்குப் போய்வந்த மாமி. அடுத்தவர் மாமியின் மாமனார், எழுபத்தெட்டு வயது, சர்க்கரை வியாதி. நான் அவரை மாமா என்பேன், மாமி அப்பா என்பார். மாமியின் கணவர் வேலை விஷயமாக மாதத்தில் பாதி நாள் வெளியூர். முதல் நாளே மாமி சொல்லிவிட்டார்: “கோபு சுத்த சைவம். தயிர் சாதம், பருப்பு சாதம், பால். முட்டை கூடக் கிடையாது. புரிஞ்சுதோல்லியோ?” நான் தலையாட்டினேன். தலையாட்டியது சும்மா இல்லை, ஒப்புக்கொண்டுதான் ஆட்டினேன். இதை நினைவில் வையுங்கள்.

அப்போது கோபு யார் பேச்சையும் கேட்க மாட்டான். மாமியை ஒருமுறை தெருவில் இழுத்துத் தள்ளியதில் அவர் கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். இன்னொரு புகார் வந்தால் நாயை வெளியே அனுப்ப வேண்டியதுதான் என்று கட்டடத்து சொசைட்டியில் சொல்லியிருந்தார்கள். நான் குரலை உயர்த்திப் பார்த்தேன், தாழ்த்திப் பார்த்தேன், பிஸ்கட் காட்டினேன். பிஸ்கட்டை வாங்கித் தின்றுவிட்டு இழுப்பான். ஒருநாள் காலையில் என் கையை முகர்ந்தவன் அப்படியே நின்றான். முந்தின ராத்திரி நான் கோழி ஈரல் வறுத்துத் தின்றிருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் அவன் மூக்குக்குத் தப்பவில்லை. அந்தக் கையை மேலே தூக்கினேன். உட்கார்ந்தான்!

மறுநாளிலிருந்து உப்பில்லாமல் வேகவைத்த ஈரல், நகம் அளவு துண்டு, சட்டைப் பையில். ஒரே மாதம். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான், நிற்கச் சொன்னால் நின்றான், என் காலோடு ஒட்டி நடந்தான். மாமி பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டார்: “ஞானராஜ் நாயோட கண்ணாலயே பேசறார்.” அந்தப் பேச்சிலேயே அதே தெருவில் இன்னும் நாலு வீட்டு நாய்கள் எனக்கு வந்தன. என் கண்ணில் ஒன்றும் இல்லை. எல்லாம் சட்டைப் பையில் இருந்தது. இருந்தாலும் யாராவது புகழ்ந்தால் கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வேன்.

ஈரல் வாங்கும் கடை தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் இருந்தது. கடைக்காரர் நாங்குநேரிக்காரர். ஒருநாள் கேட்டார்: “என்ன வே, தெனமும் ஈரலு? யாருக்கு வே?”

“நாயிக்குத்தான்.”

“எந்த நாயிக்கு? நீரு நடத்துறது மாட்டுங்காவுல சைவ வீட்டு நாயில்லா?”

“அது வீட்டுக்குள்ள சைவம் அண்ணாச்சி. வாசல் கேட்டத் தாண்டிட்டா நம்ம ஆளு.”

இரண்டு பேரும் சிரித்தோம். இப்படியே எட்டு மாதம் போனது.

பயிற்சிக்குத் தின்பண்டம் கொடுப்பது தப்பில்லை. நாய் அப்படித்தான் கற்கும். அந்த வீட்டுக்கு அது கறி, அதைச் சொல்லாமல் கொடுத்தேன் என்பதுதான் தப்பு. சொல்லியிருந்தால் மாமி பனீர் கொடுத்திருப்பார். கோபு பனீருக்கும் உட்கார்ந்திருப்பான், என்ன, கொஞ்சம் யோசித்து உட்கார்ந்திருப்பான். நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. கேட்டால் ‘கண்ணால் பேசுகிறவர்’ என்ற பட்டம் போய்விடுமே.

அந்தச் சனிக்கிழமை மாலை ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் கோபுவை உட்கார வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றேன். நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பார்சிப் பெரியவர், குட்டைக் கால் நாய் ஒன்றை வைத்திருப்பவர், என்னிடம் வந்து, தன் நாய்க்கும் சொல்லித் தர முடியுமா என்று இந்தியில் கேட்டார். நான் அவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணைச் சுருக்கி, பெரிய மனுஷன் மாதிரி யோசித்தேன். ஈரல் துண்டுகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைப்பேன். அந்தப் பை முடிச்சு அவிழ்க்காமல் என் இடது கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கோபு எழுந்து வந்தது எனக்குத் தெரியாது. கையில் ஒரு சின்ன இழுப்பு. குனிந்து பார்த்தேன். பை இல்லை. வாயைப் பிளந்து விரலை விட்டேன். தொண்டையும் காலி. முடிச்சோடு ஒரே விழுங்கு. விழுங்கிவிட்டு, ஒழுங்காக உட்கார்ந்து, அடுத்தது எங்கே என்று என்னைப் பார்த்தான்.

அந்த நிமிஷமே மாமிக்குப் போன் அடித்திருக்க வேண்டும். நாய் எதையாவது முழுசாக விழுங்கிவிட்டால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தே வெளியே கொண்டுவந்துவிடுவார்களாம். எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் போன் அடித்திருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை. ‘காலையில் வெளியே வந்துவிடும், சின்னப் பைதானே’ என்று நினைத்துக்கொண்டு அவனை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பை வெளியே வரவில்லை. அவன் வெளிக்குப் போனதை நான் குச்சியால் கிளறித் தேடிவிட்டேன். பத்து மணிக்கு வாந்தி. மாமி கவலையோடு நின்றார். “என்னவா இருக்கும் ஞானராஜ்?”

“வெயில் மாமி. மோர் குடுங்க, சரியாயிரும்.”

இதுதான் நான் சொன்ன பொய். ஒரே ஒரு வாக்கியம். மாமி மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். அதுவும் வெளியே வந்தது. சாதாரணமாக எதற்கும் ஒரு கஷாயம் சொல்லும் மாமா, அன்றைக்கு ஈஸிசேரில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நாய் மேல் உள்ள கவலை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை கோபுவால் எழுந்திருக்க முடியவில்லை. மாமி லீவு போட்டார். முப்பது கிலோ நாயை மூன்று மாடி நான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவன் தலை என் தோளில் கிடந்தது. முதல் டாக்ஸிக்காரர் நாயைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டார். இரண்டாமவர் சீட்டில் பேப்பர் விரிக்கச் சொன்னார். மாமா தானும் வருவேன் என்று பிடிவாதமாக முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

செம்பூர் டாக்டர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவார், நடுநடுவே இந்தி ஓடும். வயிற்றை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“வயித்துல கேஸ் நிறைய இருக்கு. அதைத் தவிர க்ளியரா எதுவும் தெரியல. என்ன சாப்பிட்டான்?”

“தயிர் சாதம் டாக்டர்,” என்றார் மாமி. “அதைத் தவிர ஒண்ணும் கிடையாது. நம்மாத்துல வெளிச் சாப்பாடே தர மாட்டோம்.”

“பக்கா?”

“நான்தான் கையால போடறேன்.”

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “பாருங்க, ரெண்டு வழி இருக்கு. உள்ள ஏதோ வீங்கியிருக்குன்னா சலைன் ஏத்தி ரெண்டு நாள் பார்க்கலாம். எதையாவது முழுங்கியிருந்தா இன்னிக்கே வெட்டணும், ரெண்டு நாள் விட்டா குடல் அழுகிடும். எட்டு வயசு நாய், காரணம் இல்லாம நான் கத்தி வைக்க மாட்டேன். எக்ஸ்ரேல எல்லாம் தெரியாது. பிளாஸ்டிக் தெரியவே தெரியாது. அதனாலதான் கேக்கறேன். யாராவது ஏதாவது குடுத்தீங்களா?”

மாமி இல்லையென்று தலையாட்டினார். மாமா சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

என் தலைக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். சொன்னால் இந்த வீடு போகும். தெருவில் மற்ற நாலு வீடும் போகும். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லலாமா? மாமி அவர் பக்கத்திலேயே நின்றார். வெளியே போய் வேறு நம்பரிலிருந்து கிளினிக்குக்குப் போன் செய்து, குரலை மாற்றி, ‘பிளாஸ்டிக் இருக்கு’ என்று சொல்லி வைத்துவிடலாமா? சத்தியமாக அதையும் யோசித்தேன். யோசிக்க யோசிக்க முகமெல்லாம் வியர்த்தது. கைக்குட்டை எடுக்கச் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனேன்.

மேஜை மேல் படுத்திருந்த கோபு எழுந்தான். முன்னங்கால் நடுங்கியது. வயிறு கல்லாக இருந்தது. அந்த வலியோடு எழுந்து, என் கை போன பையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். நான் சொல்லிக்கொடுத்தபடியே முதுகை நேராக வைத்து உட்கார்ந்தான். நான் கையை எடுக்கும்வரை படுக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

“பிளாஸ்டிக் பை டாக்டர்,” என்றேன். “இம்புட்டுச் சின்னது. முடிச்சுப் போட்டது. உள்ள ஈரல். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு முழுங்கிட்டான். நான்தான்.”

டாக்டர் உடனே எழுத ஆரம்பித்தார். மாமி என்னைப் பார்த்தார்.

“ஈரலா?”

“கோழி ஈரல் மாமி.”

“எத்தனை நாளா?”

“எட்டு மாசமா.”

மாமி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “கண்ணால பேசறார்னு ஊரெல்லாம் சொன்னேனே நான்.”

அப்போது மாமா தொண்டையைச் செருமினார். ஒருமுறை, இரண்டுமுறை.

“டாக்டர், அதோட... உள்ள ஒரு மாங்கொட்டையும் இருக்கும்.”

மாமி மெல்லத் திரும்பினார். “எந்த மாங்கொட்டை?”

“அல்ஃபோன்ஸா.”

“நான் ரகம் கேக்கலே அப்பா.”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். “வேற யாராவது? வெளியில டாக்ஸிக்காரர் நிக்கறார், அவரையும் கேட்டுடலாமா?”

அதற்கு மேல் ஒருவரும் இல்லை. பதினைந்து நிமிஷத்தில் கோபுவை உள்ளே கொண்டுபோனார்கள்.

ஒன்றரை மணி நேரம் வெளியே இருந்தோம். ஒரு பெஞ்சில் நானும் மாமாவும், எதிர்ப் பெஞ்சில் மாமி தனியாக. மாமா என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

“டேய் ஞானம், நீ வாயைத் தொறக்கலேன்னா நான் தொறந்திருக்க மாட்டேன்டா.”

“எப்ப மாமா குடுத்தீங்க?”

“சனிக்கிழமை மத்தியானம். அவ தூங்கிண்டிருந்தா. கொட்டையைக் குப்பையில போட்டா அவ கண்டுபிடிச்சுடறா. அதான் கோபுகிட்ட குடுப்பேன். வழவழன்னு நக்கிட்டுத் திருப்பிக் குடுத்துடுவான், ஜன்னல் வழியா எறிஞ்சுடுவேன். நல்ல பையன். அன்னிக்கு ஏதோ அவசரம் போலிருக்கு.”

“ரெண்டு நாளா ஏன் மாமா சொல்லல?”

“நீ ஏன்டா சொல்லலே?”

எதிர்ப் பெஞ்சிலிருந்து மாமி நிமிராமலே சொன்னார்: “ரெண்டு பேர் பேசறதும் எனக்குக் கேக்கறது.”

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சுவரில் இருந்த பூனைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் ஒரு எஃகுத் தட்டோடு வந்தார். அதில் மாங்கொட்டை, அதன் நுனியில் சுற்றிக்கொண்ட மாதிரி என் பிளாஸ்டிக் பை, முடிச்சு அவிழாமல். கொட்டை குடலில் நின்றுவிட்டது, பை பின்னாலேயே வந்து அடைப்பை இறுக்கிவிட்டது என்றார். “சலைன் போட்டு ரெண்டு நாள் பார்த்திருந்தேன்னா, புதன்கிழமை உங்களுக்கு நான் வேற சேதி சொல்லியிருப்பேன். இப்பவும் முழுசா தாண்டல. ராத்திரி போகட்டும்.”

மாமி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார். குரல் உயரவில்லை.

“ஈரல் குடுத்தேள். அதுக்கு எனக்குக் கோபம் இருக்கு, ஆனா அது போயிடும். ஞாயித்துக்கிழமை கார்த்தால நான் உங்களைக் கேட்டேன். என்னவா இருக்கும்னு கேட்டேன். நீங்க வெயில்னேள். நான் நம்பி மோர் குடுத்தேன். அடைச்சுண்டு கிடக்கற வயித்துல மோரை ஊத்தினேன். அது போகாது. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்.”

நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

“மத்த நாலு ஆத்துக்கும் நானே சொல்லிடறேன். மறைக்கறது எனக்கு வராது,” என்றார்.

மாமா எழுந்தார். “நானும்தானே ரெண்டு நாள் வாயைத் தொறக்கலே. அவனை மட்டும்...”

“உங்களை வேலையை விட்டு நிறுத்த முடியாதே அப்பா. முடிஞ்சா நிறுத்தியிருப்பேன்.”

அங்கிருந்துதான் நான் நடக்க ஆரம்பித்தேன்.

நடக்கும்போது யோசித்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும், இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். இந்த வேலையில் நாமெல்லாம் நாயின் வாயைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். கடிக்குமா, குரைக்குமா, எதைப் பொறுக்கும் என்று. நாய்க்கு ஆபத்து பாதி நேரம் நம் வாயிலிருந்து வருகிறது, அதை மூடி வைத்திருப்பதால் வருகிறது. ஒவ்வொரு வீட்டிலும் நாய்க்கு எல்லோரும் தனித்தனியாக எதையோ ஒளித்துக் கொடுக்கிறார்கள். சமையல் செய்கிற அம்மா, வாட்ச்மேன், ஸ்கூல் பிள்ளை, நாம். கொடுப்பவர்கள் எல்லாம் அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். நாய் மட்டும் யாரையும் காட்டிக் கொடுக்காது. டாக்டர் கேட்கும்போது அதன் சார்பில் பேச ஒருவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும். அந்த முதல் ஆள் சம்பளத்துக்கு நடத்துகிற நாமாக இருப்பது கஷ்டம்தான். நமக்குத்தான் இழப்பதற்கு வேலை இருக்கிறது. அப்படியும் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் ஒன்றே முக்கால் நாள் எடுத்துக்கொண்டேன்.

அறைக்கு வந்து பையில் துணியை அடைத்தேன். புனேயில் சொந்தக்காரர் ஒருவர் டீக்கடை போட்டிருந்தார், எப்போதும் கூப்பிடுவார். காலையில் தாதர் போய் ரயிலேறிவிடலாம் என்று முடிவு செய்தேன். எனக்கு இதெல்லாம் சாதாரணம். ஊர் மாறினால் போதும், தூக்கம் வரும்.

காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாதருக்குப் போகிற பஸ் வந்தது, ஏறவில்லை. செம்பூர் பஸ் வந்தது, ஏறினேன். ஒரு நிமிஷம் வெளியே நின்று கம்பவுண்டரிடம் இருக்கிறானா இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்பது திட்டம்.

கதவைத் தள்ளியதும் மாமி நின்றிருந்தார். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார். பின்னால் கூண்டில் கோபு படுத்திருந்தான். என்னைப் பார்த்துத் தலையைத் தூக்கவில்லை. வால் மட்டும் கம்பியில் ஒருமுறை தட்டியது. சற்று நிறுத்தி இன்னொருமுறை.

“இருக்கான்,” என்றார் மாமி, எனக்குச் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியவில்லை.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்: “இனிமே சாப்பாடுதான் மருந்து. பால் வேண்டாம். தயிர் சாதமும் இப்ப வேண்டாம். வேகவெச்ச கோழி, எலும்பே இல்லாம, நூல் நூலா பிச்சு, குழைஞ்ச சாதத்தோட. கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு ஆறு வேளை. பத்து நாள்.”

மாமி அசையாமல் நின்றார். “வேற ஏதாவது... பனீர்?”

“பால் சாமான் இப்ப ஒத்துக்காது ஆன்ட்டி.”

“டின்ல வருமே, மருந்துக் கடையில...”

“அந்த டின்லயும் கோழிதான் இருக்கும்.”

“பருப்புத் தண்ணி?”

“அவனுக்குத் தையல் சேரணும். நீங்களே சொல்லுங்க, நான் என்ன எழுதட்டும்?” டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சீட்டில் இன்னொரு வரி எழுதினார். “முக்கியமா, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் கூடவே கூடாது.”

மாமி முகத்தில் முதல்முதலாகக் கொஞ்சம் தெம்பு வந்தது. “அது எங்காத்து வழக்கம்தான்,” என்றார்.

சீட்டை வாங்கி இரண்டாக மடித்தார். திரும்பப் பிரித்தார். வாசலைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். கடைசியில் என்னிடம் திரும்பினார்.

“எங்க கிளம்பியாச்சு, பையும் கையுமா?”

“புனேக்கு மாமி.”

“பத்து நாள் கழிச்சுப் போகலாமோ?”

நான் பதில் சொல்வதற்குள் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பாத்திரம் புதுசாக அவரே வாங்கித் தருவார், அது வேறு எதற்கும் கூடாது. சமையல் வெளியில், வீட்டு வாசல் தாண்டக் கூடாது. கோபு வீட்டுக்கு வந்த பிறகு கீழே கேட்டுக்கு அருகில் வைத்து ஊட்ட வேண்டும், வாயைத் துடைத்துத்தான் மேலே அனுப்ப வேண்டும். “இது நாயை நடத்தற வேலை இல்லே. அதுக்கு நான் உங்களை இன்னும் வெச்சுக்கலே. சமையல் வேலை. புரிஞ்சுதோல்லியோ?”

“புரிஞ்சுது மாமி.”

“இன்னொண்ணு. ஒவ்வொரு வேளையும் போடறதுக்கு முன்னாடி மூடியைத் தொறந்து எனக்குக் காட்டணும்.”

“நீங்க... கறியப் பாப்பீங்களா?”

“பாக்காம நம்பினதுக்குத்தான் இவ்வளவும்.”

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டில் கோழி வாங்கினேன், நெஞ்சுப் பகுதி மட்டும். கிளினிக்கின் பின்கட்டில் கம்பவுண்டர் டீ போடுகிற ஸ்டவ் இருந்தது. உப்பில்லாமல் வேகவைத்து, ஆறவைத்து, நூல் நூலாகப் பிய்த்தேன். மாமி வாங்கி வந்த புது டப்பாவில் கடை ஸ்டிக்கர் கூட முழுசாகப் போகவில்லை. அதில் சாதத்தோடு பிசைந்து, மூடி, கொண்டுபோய் அவர் முன்னால் நின்றேன்.

“தொறங்கோ.”

திறந்தேன். மாமி புடவைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு குனிந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அது கொஞ்சம் வெளுத்தது. ஆனால் திரும்பவில்லை.

“எலும்பு?”

“இல்ல மாமி.”

“கையால தடவிப் பாத்தேளா?”

“பாத்தேன்.”

“இன்னொரு தரம் பாருங்கோ. நான் பாக்கறச்சயே.”

விரலைவிட்டு ஒவ்வொரு நூலாகப் பிரித்துக் காட்டினேன். டப்பாவின் அடிவரை போய்த் திரும்பினேன். மாமி கடைசி வரை பார்த்தார்.

“ம்,” என்றார். “குடுங்கோ.”